நாலாம் கூண்டில் நின்ற ஆள்

எழுதின புரோகிராமைக் கம்பைல் பண்ணும்போது எர்ரர் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். அதனால் ஒரு ஆள் சாக இருந்தான். அவன் பெயர் இசக்கி.

ஒரகடத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த இடம், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி. வெல்டிங் முழுக்க ரோபோ. ஒவ்வொரு ரோபோவையும் கம்பி வேலி போட்டு அடைத்திருக்கும். காகிதத்தில் அதன் பெயர் செல். நாங்கள் கூண்டு என்போம். இது நாலாம் கூண்டில் நடந்தது.

நான் வயர்மேனாகச் சேர்ந்தவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதைத் தொட ஆள் இல்லை. நான் தொட்டேன். சி மொழி அப்படி வந்ததுதான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

கூண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் ஆபரேட்டர் நிற்பார். பாகத்தை வைத்துப் பொத்தானை அழுத்துவார். ரோபோ கை வந்து வெல்டு அடிக்கும். பக்கவாட்டில் ஒரு கதவு. ஃபிட்டர் உள்ளே போய் ரோபோ கையிலிருக்கும் வெல்டிங் டார்ச்சின் முனையில் தேய்ந்துபோன டிப்பை மாற்ற அந்தக் கதவு. கதவு திறந்தால் ரோபோ நின்றுவிடும். அது நேரடி வயர். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து யாராவது கதவைச் சாத்திவிட்டால்? பாகம் பிடிக்கும் ஜிக்குக்குப் பின்னால் குந்தியிருப்பவனை முன்னாலிருந்து பார்க்க முடியாது. அதற்காகத் தரையில் ஒரு ரப்பர் மேட் போட்டோம். யாராவது மிதித்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வெளியே சிவப்பு விளக்கு எரியும். ரோபோ கிளம்பாது. அந்தப் புரோகிராம் நான் எழுதியது.

அதற்கு முன்பு ஃபிட்டர்கள் உள்ளே போனால் கதவில் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாவி இடுப்பில் இருக்கும். விளக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. அதான் விளக்கு இருக்கிறதே என்றார்கள். எனக்கும் அது பெருமையாக இருந்தது.

இனி தப்பு எங்கே என்று சொல்கிறேன்.

மேட்டின் வயர் கம்ப்யூட்டரில் செருகிய ஒரு கார்டில் போய்ச் சேரும். கார்டை நடத்துவது டிரைவர் என்கிற புரோகிராம். டிரைவர் ஓடுவது கர்னலுக்குள், அதாவது லினக்ஸின் அடி மையத்துக்குள். நம் புரோகிராம் ஓடுவது கர்னலுக்கு வெளியே. வெளியே இருப்பவன் உள்ளே இருப்பவனிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். எந்தத் தகவல் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று சொல்லும் பட்டியல்தான் ஹெடர் ஃபைல். கார்டு கம்பெனிக்காரன் இரண்டு கொடுத்திருந்தான். ஒன்று சின்னது, நமக்கானது. இன்னொன்று பெரியது. டிரைவர் தனக்குள் வைத்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கும். கர்னலின் சொந்த ஹெடர்களை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சின்னதில் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். பெரியதைப் போட்டால் டிரைவரின் மொத்தக் குறிப்பும் ஒரே வாசிப்பில் வந்துவிடும். அது அவர்கள் தங்கள் சோதனைக்காகத் திறந்து வைத்திருந்த வழி. நான் பெரியதைப் போட்டேன். கார்டு பொருத்த வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "அது நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிறதுங்க. நாளைக்கு மாத்துவோம், உங்ககிட்ட சொல்ல மாட்டோம்" என்றார். தலையை ஆட்டினேன். மாற்றவில்லை. நான்கு வருடம் ஓடியது.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் செத்தது. புதியது வந்தது, புதிய கர்னலோடு. கார்டுக்காரர்கள் டிரைவரை அதற்கேற்ப மாற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். என் புரோகிராம் கம்பைல் ஆகவில்லை. ஹெடரைக் காணோம் என்றது. பழைய டிஸ்க்கிலிருந்து கர்னல் ஹெடர் ஃபோல்டரை அப்படியே தூக்கி வந்து வைத்தேன். கம்பைல் ஆனது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

சூப்பர்வைசர் ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மணிமங்கலத்துப் பெண். கோபத்தில்கூடக் குரல் உயராது.

"அண்ணே, லைன் நிக்குது. மேல இருந்து மூணு போன் வந்துடுச்சு. ஆச்சா?"

ஓடவிட்டேன். கூண்டுக்குள் ஆள் இல்லை. விளக்கும் எரியவில்லை. ஆச்சு என்றேன். ஒரு ஆளை உள்ளே அனுப்பி மேட்டை மிதிக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அன்று காலை பத்து மணி டீக்கு முன்பே விளக்கு எரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஆபரேட்டர் டில்லி என்னைக் கூப்பிட்டான். படப்பைப் பக்கத்து ஆள். வாய் ஓயாது. அன்று அவ்வளவாகப் பேசவில்லை.

"நைனா, உள்ள ஆள் கீதுன்னு சொல்லுது. நான் சுத்தி வந்து பாத்துட்டேன். யாருமில்ல."

நானும் சுற்றி வந்து பார்த்தேன். ஜிக்குக்குப் பின்னால் வெறும் மேட். ஒரு கால் தடம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. பிறகு மறுபடி எரிந்தது. யாரோ வருகிறார், நிற்கிறார், போகிறார். அப்படித்தான் இருந்தது.

மேட்டை மாற்றினேன். வயரை மாற்றினேன். மூன்றாம் நாள் மேட்டின் வயரைக் கார்டிலிருந்தே கழற்றினேன். முனை என் கையில் இருந்தது. உள்ளே விளக்குக்குச் சொல்ல இனி எதுவும் இல்லை. டில்லி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு எரிந்தது.

டில்லி ஒரு அடி பின்னால் போனான். "போதும் நைனா. திரும்ப மாட்டிடு" என்றான்.

அதற்குக் காரணம் உண்டு. டில்லிக்கு முன்பு அந்தக் கூண்டை ஓட்டியவன் பாபு. இருவரும் ஒரே பைக்கில் வந்து போவார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் பாபு தனியாகப் போனான். வண்டலூர் ரோட்டில் லாரி. அவனுடைய கையுறை அப்போதும் கூண்டின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று மதியத்துக்குள் வேலை நடக்கிற ஷாப் முழுக்கப் பேச்சு. பாபு டூட்டிக்கு வருகிறான்.

மறுநாள் பத்து மணி டீயில் ஒரு கப் கூடுதலாக வந்து கூண்டின் பொத்தான் பேனல் மேல் உட்கார்ந்தது. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆறிப் படலம் பிடித்த பிறகு துப்புரவு அம்மா எடுத்துக்கொண்டு போவார். தினமும்.

நான் நம்பினேனா என்று கேட்பீர்கள். பாதி. கழற்றின வயரைக் கையில் பிடித்துப் பார்த்தவன் நான். புரோகிராமில் தப்பு இருக்கும் என்று தோன்றவில்லை. நான்கு வருடம் ஓடியது, எர்ரர் இல்லாமல் கம்பைல் ஆனது. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் செத்தவனையும் சேர்த்து.

விளக்கு எரிந்தால் ரோபோ கிளம்பாது. ஒவ்வொரு தடவையும் லைன் நின்றது. ஸ்டெல்லா வந்தாள்.

"ஒரு வழி பண்ணுங்கண்ணே. எட்டிப் பாத்துட்டு ஓட்டுற மாதிரி."

பண்ணிக் கொடுத்தேன். விளக்கு எரியும்போது ஆபரேட்டர் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்க்கவேண்டும். யாரும் இல்லையென்றால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தவேண்டும். ரோபோ கிளம்பும். விளக்கு எரியாதபோது பார்க்கவேண்டாம், எப்போதும் போல ஒரே பொத்தான்.

டில்லி எட்டிப் பார்ப்பான். பிறகு பொத்தான்மேல் கையை வைத்து, "பாபுண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லு" என்பான். பிறகு அழுத்துவான். முதலில் பயந்து சொன்னான். ஒரு வாரத்தில் வழக்கமாகச் சொன்னான். லீவு எடுத்தால் எடுத்ததைச் சொன்னான். அவன் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னான். ரோபோ கை போகும், வரும். விளக்கு எரியும். கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கும்.

இசக்கி ஃபிட்டர். தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேரோடு ரூம். ஒரு நாள் டீ நேரத்தில் அவன் சொன்னான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கவனிச்சேளா? நான் உள்ள போயி நின்னா அது எரியவே மாட்டேங்கு. நேத்தும் எரியல, இன்னைக்கும் எரியல."

டில்லி டீயை உறிஞ்சிக்கொண்டே, "அதுக்கு உன்ன ஒரு ஆளாவே தெரில போலக்கீது, இன்னா பண்றது" என்றான்.

"செத்தவன மதிக்கும், இருக்கவன மதிக்காதோ?"

"எங்க பாபு சீனியர்பா. நீ கான்ட்ராக்ட்டு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். யாரும் இல்லாதபோது விளக்கு எரிவதைத்தான் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் இருக்கும்போது எரியாததை ஒருவன் வாயைத் திறந்து சொன்னான். அது கதை இல்லை, அதனால் யாருக்கும் காதில் விழவில்லை.

பதினோராம் நாள். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வருகிறவன் எவ்வளவு நேரம் நிற்கிறான்? செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, ஸ்டூல் ஒன்றை இழுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எரிந்தது. பதினேழு நிமிடம் இருபத்தெட்டு வினாடி. அணைந்தது. அணைந்திருந்ததும் பதினேழு நிமிடம் இருபத்தெட்டு வினாடி. மறுபடி எரிந்தது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து ஷாப் காலியாகியிருந்தது. ரோபோக்கள் நின்றன. பெரிய ஃபேன்கள் நின்றன. பகல் வெளிச்சம் கூரைத் தகடு வழியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய இடத்தில் நானும் அந்தச் சிவப்பு விளக்கும்தான். கொக்கியில் கையுறை லேசாக ஆடியது. ஃபேன் நிற்கும்போது ஆடும்தான். திரும்பிப் பார்க்கவில்லை. வாட்சையே பார்த்தேன்.

யாரோ பக்கத்தில் வந்து, "டிப்ப மாத்திட்டு வாரேன் அண்ணாச்சி" என்றது காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன். நிமிரவில்லை.

இரண்டு தடவையும் பதினேழு இருபத்தெட்டு.

எந்த மனிதனும் அப்படி நிற்க மாட்டான். செத்தவனும் நிற்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். கணக்குப் போட்டேன். ஆயிரத்து நாற்பத்தெட்டு வினாடி, சொச்சம். மில்லி வினாடியாக்கினால் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து சொச்சம். இரண்டை இருபது தடவை பெருக்கினால் வருகிற எண். கம்ப்யூட்டரில் கை வைத்தவனுக்கு அந்த எண்ணைத் தெரியும்.

டிரைவருக்குள் ஒரு எண்ணி, அதாவது கவுண்டர், ஓடுகிறது. மில்லி வினாடிக்கு ஒன்று கூடும். அதன் ஒரு இலக்கம் இத்தனை வினாடிக்கு ஒரு தடவை பூஜ்யமும் ஒன்றுமாக மாறும். நான் மேட்டைப் படிக்கவில்லை. எண்ணியைப் படிக்கிறேன்.

புதிய கர்னலில் டிரைவரின் குறிப்பு நீண்டிருக்கிறது. முன்னால் ஏதோ கூடியிருக்கிறது. பின்னால் இருந்ததெல்லாம் தள்ளிப் போயிருக்கிறது. என் கையில் பழைய பட்டியல். பழைய இடத்திலேயே எட்டிப் பார்த்து, அங்கே இருப்பதை ஆள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நிம்மதிதான் வந்தது. பாபு இல்லை.

அடுத்த மூச்சில் மற்றது புரிந்தது. இந்த விளக்குக்கு ஆளே தெரியாது. எரியும்போதும் தெரியாது, அணையும்போதும் தெரியாது. பதினோரு நாளாகக் கூண்டுக்குள் போன யாரையும் அது பார்க்கவே இல்லை.

அதே நேரம் விளக்கு அணைந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. ஃபேன்கள் கிளம்பின. டில்லி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். விளக்கைப் பார்த்தான்.

"பாபுண்ணன் இன்னும் சாப்ட்டு வரல போல" என்று காது அடைப்பானை வைத்துக்கொண்டான். விளக்கு எரியாததால் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் பார்க்கவேண்டாம் என்று வைத்திருந்தேனே.

டிப்ப மாத்திட்டு வாரேன் என்று சொன்னது யார்? திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. தள்ளுவண்டிக்கு வழி விட யாரோ சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டு இல்லை.

கத்தினேன். ஃபேன் சத்தம். டில்லியின் காதில் அடைப்பான்.

என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கீபோர்டு இருந்தது. புரோகிராமை நிறுத்தலாம். நிறுத்தினால் கார்டு ரோபோவைத் தடுக்குமா, கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்குமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தொடவில்லை. கதவு நான்கு எட்டு. கதவு நேரடி வயர். ஓடினேன். டில்லி பொத்தானை அழுத்திவிட்டான். கை கிளம்புகிற சத்தம் கேட்டது. கதவைப் பிடித்து இழுத்தேன்.

கை பாதி வழியில் நின்றது.

ஜிக்குக்குப் பின்னால் இசக்கி குந்தியிருந்தான். டார்ச்சின் முனை அவன் தலைக்கு அரை சாண் பக்கத்தில் நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்கு அண்ணாச்சி தோளத் தட்டுதீய? வந்துட்டேன்லா" என்றான்.

நான் கதவில் நின்றிருந்தேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஆறு அடி.

அவன் அந்தப் பக்கம் திரும்பியதால்தான் தலை விலகியிருந்தது. டார்ச்சின் கேபிள் உரசியிருக்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். பிறகு கேபிளை இழுத்து அளந்து பார்த்தேன். அவ்வளவு தூரம் அது எட்டவில்லை. ரிப்போர்ட்டை மாற்றவில்லை. அதைப் பற்றி என்னிடம் வேறு எதுவும் இல்லை.

இசக்கிக்கு என்ன நடந்தது என்று தெரியாது. டில்லிக்கும் தெரியாது, நான் ஏதோ அவசரத்தில் கதவைத் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பேசாமல் ஒரு வரியை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். மேட் ரிப்பேர் என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

ஸ்டெல்லா, "ரெண்டு பொத்தான் வழி நான் கேட்டது. அதையும் எழுதுங்கண்ணே" என்றாள்.

டில்லிக்குப் புரியவில்லை. கம்பெனி பஸ்ஸை வைத்துச் சொன்னேன். "பழைய பஸ்ல மூணாவது சீட்டு உன்னுது. புது பஸ்ல முன்னாடி ரெண்டு சீட்டு சேத்துட்டான். நீ அஞ்சாவதுக்குப் போய்ட்ட. நான் இன்னும் மூணாவது சீட்ட மட்டும் பாத்துகினு, அதுல எவன் உக்காந்தாலும் டில்லி வந்துட்டான்னு எழுதினு இருக்கேன்."

"அப்ப மூணாவது சீட்ல இருந்தது யாரு?"

"ஆளே இல்ல. ஒரு கடிகாரம்."

அவன் கூண்டைப் பார்த்தான். "இத்தினி நாளா கடிகாரத்துகிட்டயா என் பொண்ணு காய்ச்சல சொன்னேன்" என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போய்க் கொக்கியிலிருந்து கையுறையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பழைய ஹெடர் ஃபோல்டரை அழித்தேன். சின்ன ஹெடரைப் போட்டேன். மேட்டை மட்டும் கேட்டு வாங்கும்படி எழுதினேன். நாற்பது நிமிட வேலை. நான்கு வருடத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டியது. இரண்டு பொத்தான் வழியை எடுத்தேன்.

இந்தத் தடவை ஆளை வைத்துச் சோதிக்கவேண்டும். ஒருவன் உள்ளே நிற்கவேண்டும். கதவைச் சாத்தவேண்டும். வெளியே ஒருவன் பொத்தானை அழுத்தவேண்டும். ரோபோ கிளம்பக்கூடாது. யாரை நிற்கச் சொல்வது? யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோபோவை ஆமை வேகத்தில் வைத்தேன். உள்ளே போனேன். ஜிக்குக்குப் பின்னால் மேட்டின் மேல் குந்தினேன். உள்பக்கம் இருக்கிற அவசரப் பொத்தானில் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.

"சாத்து."

ஸ்டெல்லா சாத்தினாள்.

"டில்லி, அழுத்து."

"வேணாம் நைனா."

"அழுத்துடா."

அங்கிருந்து பார்த்தால் ரோபோ கையின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். நான்கு வருடமாக அந்தக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து எழுதினவன் நான். உள்ளே குந்தி ஒரு தடவைகூட மேலே பார்த்ததில்லை. டார்ச்சில் வெல்டிங் வயர் துளி நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. பொத்தான் சத்தம் கேட்டது. கை அசையவில்லை.

"இன்னொரு தடவை."

இருபது தடவை அழுத்தச் சொன்னேன். எழுந்து வெளியே வந்தேன், விளக்கு அணைந்தது. திரும்ப உள்ளே போனேன், எரிந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். ஸ்டெல்லாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது இசக்கி வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இருபது தடவையும் பார்த்திருக்கிறான். கையில் பாதியில் விட்ட டிப்பும் ஸ்பானரும்.

"சரியாயிட்டுதா அண்ணாச்சி?"

"ஆயிட்டுது."

கூண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நாளைக்கு நான் உள்ள போறேன். இன்னைக்கு மட்டும் வேற ஆள விடுங்க" என்று ஸ்பானரை நீட்டினான்.

அந்த ஷிஃப்டில் வேறு ஃபிட்டர் இல்லை. ஸ்டோரில் போய் ஒரு பூட்டை வாங்கி வந்தேன். கதவில் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிப்பை நானே போய் மாற்றினேன்.